டிசைன் திங்கிங் வகுப்புக்குப் போய்வந்தேன், லேப் ஜன்னலில் கூட்டம் மட்டும் குறையவில்லை

லேப்செல்வி:
திண்டுக்கல் பக்கம் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் எங்களில் நாலு பேரை இரண்டு நாள் டிசைன் திங்கிங் வகுப்புக்கு அனுப்பினார்கள். பயன்படுத்துகிறவர்களைக் கவனித்து, அவர்கள் தேவையிலிருந்து தீர்வு தேடும் முறைக்கு அந்தப் பெயராம். சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினோம். பிரியாணி நன்றாக இருந்தது.

எங்கள் பிரச்சினை இது. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்கிறார்கள். அப்புறம் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். எட்டு மணியிலிருந்து பத்தரை வரை ஜன்னலில் தள்ளுமுள்ளுதான். "பாப்பா, என் நம்பர் போயிருச்சா?" என்று ஆள் மாற்றி ஆள் எட்டிப் பார்க்கிறார்கள். ஊசி குத்தும்போது கை நடுங்குகிறது. நிர்வாகம் டோக்கனுக்கு ஆப் செய்யலாம் என்கிறது. வருகிற பெரியவர்கள் பலரிடம் இருப்பது பட்டன் போன். ஆப் வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது, வேறு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. வகுப்பில் படித்ததை இங்கே எப்படிப் பயன்படுத்துவது?

பயோமெட்பாலு:
சகோதரி, ஒரு கதை சொல்கிறேன். 2007 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சிலருக்கு மலிவான இன்குபேட்டர், அதாவது எடை குறைந்த குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டி, செய்யும் வேலை வந்தது. அவர்களில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தால், மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. எடை குறைந்த குழந்தைகள் பிறந்ததெல்லாம் கிராமத்தில், அங்கிருந்து வந்து சேரவே வழியில்லை. அதனால் இன்குபேட்டரை விட்டுவிட்டு, மெழுகுப் பை வைத்த குட்டித் தூக்கப்பை செய்தார்கள். எம்பிரேஸ் என்று பெயர். மெழுகு 37 டிகிரி பக்கத்திலேயே சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும்.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. நம் நாட்டில் ஒரு தாயிடம் காட்டியபோது, 37 வரை சூடாக்கச் சொன்னாலும் கொஞ்சம் குறைத்தே சூடாக்குவேன் என்றாராம். வெளிநாட்டு மருந்து வீரியம் அதிகம், பாதிதான் கொடுக்க வேண்டும் என்பது அவர் பழக்கம். டிகிரி எண்களையே எடுத்துவிட்டு, சூடு சரியா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள்.

உங்கள் ஆட்கள் கேட்பது நம்பரைப் பற்றித்தானா? யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு ஒரு காலை அந்த பெஞ்சில் உட்காருங்கள்.

சும்மாவந்தவன்:
இதற்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர்! 1968-இல் ஜெய்ப்பூரில் டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் செயற்கைக் கால் செய்தார்களே. வெளிநாட்டுக் காலுக்கு ஷூ வேண்டும். போட்டுக்கொண்டு குத்தவைக்க முடியாது, சம்மணம் போட முடியாது, வயல் சேற்றில் இறங்க முடியாது. அதைக் கவனித்துத்தான் ரப்பர் பாதம் வந்தது. நீங்கள் ஒட்டிய மஞ்சள் சீட்டு கடைக்கு வந்ததே 1980-இல்தான்.

பயோமெட்பாலு:
அண்ணே, சரிதான். அந்தக் கண் எல்லாருக்கும் தானாக வருவதில்லையே. எனக்கு வரவில்லை, மூன்று வருடம் மெஷினை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேப்செல்வி:
எட்டு நாள் கழித்து வருகிறேன். லீவு போட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு நோயாளி மாதிரி உட்கார்ந்தேன்.

பாலு அண்ணா சொன்னதுதான். அவர்கள் பயம் நம்பரில் இல்லை. "சாப்பிடப் போன நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்?" என்பதுதான் பயம். அதனால் சிலர் சாப்பிடவே போகவில்லை. ஒரு தாத்தா வாசலில் டீயும் பன்னும் முடித்துக்கொண்டு அதையே சாப்பாடு என்றார். இன்னொன்று, இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து எண்ண வேண்டும். பலர் முதல் ஊசியிலிருந்து எண்ணுகிறார்கள். சீக்கிரம் வந்தவர்களிடம் நாங்களும் அவசரத்தில் கேட்காமல் குத்தியிருக்கிறோம். அந்த ரிசல்ட்டை வைத்து மாத்திரை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாளே முதல் ஊசி முடிந்ததும் சீட்டில் பேனாவால் 'ஒன்பதரைக்கு வாங்க' என்று எழுதிக் கொடுத்தேன். சொதப்பல். ஏழரை மணிக்குச் சாப்பிடுவார் என்று நான் நினைத்த ஆள் ஏழே முக்காலுக்குத்தான் சாப்பிட்டார், ஆனால் ஒன்பதரைக்குச் சரியாக வந்து நின்றார்.

இப்போது எதிர்க்கடை அண்ணாச்சியிடம் ஒரு பேனா கொடுத்திருக்கிறேன். இட்லித் தட்டை வைக்கும்போதே சீட்டில் நேரத்தை எழுதிவிடுகிறார். அதோடு இரண்டு மணி நேரம் கூட்டி நாங்கள் கூப்பிடுகிறோம், அதற்கு முன்னால் கூப்பிடவே மாட்டோம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டோம். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆப் பேச்சை நிர்வாகம் இன்னும் விடவில்லை, அது வேறு கதை.

தூக்குவாளியில் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து வேப்பமரத்தடியில் சாப்பிடுகிறவர்கள்தான் மிச்சம். அவர்கள் சீட்டில் யார் நேரம் எழுதுவது?

சும்மாவந்தவன்:
மரத்தடியில் வாட்ச்மேன் இருப்பாரே, அவரிடம் இன்னொரு பேனா கொடும்மா.

லேப்செல்வி:
அவருக்கே சர்க்கரை, அண்ணே. அவரும் வரிசையில்தான் இருக்கிறார். ஆனாலும் நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.