மிலான் கண்காட்சி வாரத்தில் ஷோரூம் ஷோரூமாக: நால்வரின் அனுபவப் பகிர்வு

வீடுகளுக்கு இன்டீரியர் செய்து கொடுப்பது என் தொழில். இத்தாலியின் மிலானில் ஏப்ரலில் நடக்கும் சலோனே டெல் மொபிலே மரச்சாமான் கண்காட்சிக்குப் போய்வந்தேன் என்று சொன்னாலே, "எந்த ஹாலை முதலில் பார்க்கணும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். என் பதில் வேறு மாதிரி இருக்கும். நேரம் குறைவு என்றால் ஹால்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் இருக்கும் ஷோரூம்களைக் குறைக்காதீர்கள்.

கண்காட்சி 1961-இல் தொடங்கியது. 2006 முதல் ஊருக்கு வெளியே ரோ என்ற இடத்தில் உள்ள பெரிய வளாகத்தில் நடக்கிறது. மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ரோ போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் கடைசி நிறுத்தம் அதுதான். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கண்ணாடிக் கூரையின் கீழ் நடந்து போனால் இரு பக்கமும் ஹால்கள். பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே மேடை மேல் நிற்கும் புதுச் சாமான்களில் பல, காட்டுவதற்காகக் கையால் செய்த முதல் மாதிரிகள். உட்காரவோ திறந்து பார்க்கவோ விடமாட்டார்கள். பெரிய நிறுவனங்களின் அரங்குக்குள் நுழையவே முன்பதிவும் வரிசையும் உண்டு.

அதே வாரம் ஊருக்குள் நடப்பதை ஃபுவோரிசலோனே என்கிறார்கள். 1980-களில் நிறுவனங்கள் தங்கள் சொந்த ஷோரூம்களிலேயே புதிய சாமான்களைக் காட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த வழக்கம் அது. இப்போது பிரேரா, தொர்தோனா என்று பகுதி பகுதியாகப் பரவியிருக்கிறது. ஷோரூம்கள் இருட்டிய பிறகும் திறந்திருக்கும், பெரும்பாலான இடங்களில் டிக்கெட் கிடையாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இத்தாலிய மரச்சாமான் தொழிற்சாலைகள் நிறைய மிலானுக்கு வடக்கே பிரியான்ஸா வட்டாரத்தில், மேதா, கன்தூ, லிஸ்ஸோனே போன்ற ஊர்களில் இருக்கின்றன. கூப்பிடு தூரம்தான். அதனால் மற்ற நாட்களில் விற்பனை ஆட்கள் மட்டும் இருக்கும் ஷோரூமில், அந்த வாரம் தொழிற்சாலை ஆட்களும் வந்து நிற்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துப் பேசுவதுதான் நான் அங்கே செய்யும் முதல் வேலை.

ஒரு அனுபவம் சொல்கிறேன். வியா துரினி தெருவில் ஒரு ஷோரூம். சோபாவில் உட்கார்ந்தேன், முதலில் மெத்தென்று அமுங்கி, பிறகு சட்டென்று தாங்கிக்கொண்டது. எழுந்த பிறகும் குழி விழவில்லை. அங்கே நின்ற அம்மாவிடம், உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விலைப் பட்டியலை எடுப்பார் என்று நினைத்தால், குஷனைத் தூக்கி மடியில் வைத்து ஜிப்பைத் திறந்துவிட்டார். நடுவில் கெட்டியான ஃபோம், அதன் மேல் மிருதுவான ஃபோம், எல்லாவற்றையும் சுற்றி இறகு அடைத்த மெல்லிய உறை. அந்த உறை நீளவாக்கில் கோடு கோடாகத் தைக்கப்பட்டிருந்தது. தையலில் விரலை ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு அறையிலும் அளவாக இறகு இருப்பதால், உட்கார உட்கார எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்காது. பிறகு குஷன் இருந்த இடத்தில் கையை வைத்து அழுத்தச் சொன்னார். பலகை இல்லை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய எலாஸ்டிக் பட்டை. அந்த அம்மா பல வருடங்கள் தையல் பிரிவில் இருந்தவராம். அவர் அன்று சொல்லித் தந்ததை வைத்துத்தான் இன்றும் சோபா செய்து தருபவர்களிடம் கேள்வி கேட்கிறேன்.

சோபா என்றால் உள்ளே மரச்சட்டம் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1966-இல் தொடங்கிய பி அண்ட் பி இட்டாலியா நிறுவனம், இரும்புச் சட்டத்தை அச்சில் வைத்து அதைச் சுற்றி ஃபோமை ஊற்றி வார்க்கும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. முதுகுப் பக்கம் கையால் தடவிப் பாருங்கள், ஒட்டுப் போட்ட இடமே தட்டுப்படாது.

கசீனா என்ற மரச்சாமான் நிறுவனத்தின் ஷோரூமில் இரண்டு நாற்காலிகளைத் தவறவிடாதீர்கள். ஒன்று, கட்டடக் கலைஞர் ஜோ பொன்டி வடிவமைத்த சூப்பர்லெஜ்ஜெரா, 1957. எடை 1.7 கிலோ. ஒரு விரலில் தூக்கலாம் என்று படித்தபோது விளம்பரப் பேச்சு என்றுதான் பட்டது. தூக்கிப் பார்த்தால் நிஜம்! கால்கள் உருண்டையோ சதுரமோ இல்லை, முக்கோண வெட்டு. எங்கெல்லாம் மரம் வேண்டாமோ அங்கெல்லாம் சீவி எடுத்துவிட்டு, பலம் வேண்டிய இடத்தில் மட்டும் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று சண்டிகர் நாற்காலி. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், தலைகீழ் வி போன்ற கால்கள். சண்டிகர் நகரம் உருவானபோது கட்டடக் கலைஞர் பியர் ஜானெரே அங்கிருந்த அலுவலகங்களுக்காக வடிவமைத்தது. 2019 முதல் கசீனா அதன் வழியில் செய்து விற்கிறது. அரசு அலுவலகங்களில் கழித்துக் கட்டிய பழைய நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பெரிய விலைக்குப் போன பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. மிலானில் அதன் முன் நின்றபோது எனக்குச் சந்தோஷமும் ஆதங்கமும் சேர்ந்தே வந்தன. வடிவமைத்தவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தேக்கை அறுத்து, இழைத்து, பிரம்பு பின்னிய நம் தச்சர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச வேண்டும்.

* * *

நான் மாடுலர் கிச்சன் பட்டறை வைத்திருக்கிறேன். என்னைப் போன்றவர்கள் இரட்டைப்படை வருடத்தில் போங்கள். சமையலறைக்கான யூரோகுச்சீனா கண்காட்சி சலோனேவோடு சேர்ந்து அந்த வருடங்களில்தான் வரும். குளியலறைப் பிரிவும் அப்போதுதான். ஒற்றைப்படை வருடத்தில் விளக்குகளுக்கான யூரோலூச்சே. இது தெரியாமல் டிக்கெட் போட்டுவிட்டு வருந்தியவர்கள் உண்டு.

ஷோரூம்களைக் குறைக்காதீர்கள் என்று மேலே எழுதிய சகோதரி சொன்னது சமையலறைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ரோ ஹாலில் கிச்சனைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். டிராயரைத் திறந்தால் பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். பிரேராவில் உள்ள ஷோரூம்களில் காலையில் திறந்ததும் போனால், ஆற அமர ஒவ்வொரு ஷட்டரையும், அதாவது அலமாரிக் கதவையும், திறந்து மூடலாம். நான் வண்ணத்தைப் பார்ப்பதே கடைசியில்தான். முதலில் டிராயரை முழுக்க இழுத்து, முன்பக்கத்தைக் கையால் லேசாக அழுத்துவேன். டிராயர் ஓடும் சேனல் நல்லதாக இருந்தால் ஆட்டமும் இருக்காது, தொய்வும் இருக்காது. பிறகு சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். வெளியே எல்லோரும் அழகாகத்தான் செய்கிறார்கள். குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பை அடைத்திருக்கிறார்களா, பின்பலகை பள்ளத்தில் செருகியதா அல்லது ஆணி அடித்ததா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தண்ணீர் நுழைவதும் அந்த வெட்டு வழியாகத்தான். அதை மூடாமல் விட்டால் எவ்வளவு விலை கொடுத்த பலகையானாலும் ஊதிப் போகும்.

ஒரு ஷோரூமில், பெயர் வேண்டாம், டேப்பை எடுத்து ஷட்டரின் இடைவெளியை அளந்தேன். ஒருவர் வேகமாக வந்து, அளக்கக் கூடாது, வெளியே போங்கள் என்றார். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த தெருவில் இன்னொரு கடையில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். அந்த வாரம் முழுக்க அளந்து, படம் எடுத்து, அப்படியே நகல் செய்து விற்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்களாம். ஆனால் பட்டறைக்காரர் என்று கார்டைக் கொடுத்து, என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் அவர்களே காட்டுவார்கள் என்றார். அது உண்மைதான். அவரே ஒரு கீலைக் கழற்றி என் கையில் கொடுத்து, மூன்று திசையிலும் எப்படித் திருப்பிச் சரி செய்வது என்று காட்டினார். நாலு ஷட்டர் வரிசையில் இடைவெளி ஒரே நூலாக நிற்பதன் ரகசியம், மெஷின் பாதி என்றால் அந்தத் திருப்புளி பாதி.

இன்னொன்றைப் பார்த்து அசந்துபோனேன். ஃபீனிக்ஸ் என்ற மேட் லேமினேட், அதாவது பலகை மேல் ஒட்டும் பளபளப்பில்லாத தகடு, இத்தாலியில் 2013-இல் வந்தது. கை ரேகை படியாத கறுப்பு ஷட்டர் கேட்கும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய. கறுப்புத் துண்டு ஒன்றில் செப்புக் கம்பி பிரஷால் தேய்த்துக் கீறல் போட்டார்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்தால் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. மேலே ஈரத் தாளை வைத்துச் சாதாரண இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார்கள். கோடுகள் போய்விட்டன. மேலோட்டமான கீறலுக்குத்தான் இது. கத்தி ஆழமாக இறங்கினால் போகாது என்று அவர்களே சொன்னார்கள். அப்படி நேராகச் சொன்னதால்தான் பொருள் மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

* * *

விளக்கு வேலை செய்பவன் என்ற முறையில் கொஞ்சம். கோர்சோ மோன்ஃபோர்தே தெருவில் ஃப்ளோஸ், ஆர்ட்டெமிடே என்று விளக்கு ஷோரூம்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பகலில் போகாதீர்கள், இருட்டிய பிறகு போங்கள். ஷோரூமில் நூறு விளக்கு ஒன்றாக எரியும்போது எந்த விளக்கும் தன் குணத்தைக் காட்டாது. கூட்டம் குறைந்த நேரத்தில், சுற்றியிருப்பதை அணைத்துவிட்டு இதை மட்டும் எரிய விட முடியுமா என்று கேளுங்கள். செய்வார்கள். அப்போது உங்கள் கையை விளக்கின் கீழ் நீட்டிப் பாருங்கள். தோலின் நிறம் செத்துப் போய்த் தெரிந்தால் அந்த விளக்கு சாப்பாட்டு மேசைக்கு ஆகாது.

ஆர்க்கோ விளக்கைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. கஸ்திலியோனி சகோதரர்கள் 1962-இல் செய்தது. கூரையில் ஓட்டை போடாமல் மேசைக்கு மேலே வெளிச்சம் வர வேண்டும் என்பதற்காக, தரையில் நிற்கும் பளிங்குக் கட்டையிலிருந்து எஃகு வில் வளைந்து வரும். கட்டை சுமார் 65 கிலோ. அதன் நடுவில் ஒரு துளை இருக்கும். அழகுக்கு இல்லை, துடைப்பக் கம்பை அதில் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்கு. துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், உள்விளிம்பு வரை வழவழப்பு. கட்டையின் முனைகளையும் மழுக்கியிருக்கிறார்கள், போகிற வருகிற கால் இடித்துக்கொள்ளக் கூடாதே என்று. இதையெல்லாம் எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

முடிந்தால் அந்தச் சகோதரர்களில் ஒருவரான அக்கில்லே கஸ்திலியோனியின் ஸ்டுடியோவையும் பாருங்கள். அதை அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். டிராக்டர் இருக்கையை ஸ்டூலாக்கிய மனிதர் அவர். அலமாரிகளில் அவர் சேர்த்து வைத்த சாதாரணச் சாமான்கள் ஏராளம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

* * *

நான் டிசைன் படிக்கும் மாணவி. ஷோரூம்கள் பற்றி மூவரும் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ரோவுக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். சலோனே சாட்டெலீத்தே என்று ஒரு பகுதி 1998 முதல் அங்கே நடக்கிறது. 35 வயதுக்கு உட்பட்ட வடிவமைப்பாளர்களுக்கு மட்டும். சின்னச் சின்ன அரங்குகள், ஒவ்வொன்றிலும் செய்தவரே நிற்பார். தயாரிக்க ஒரு நிறுவனம் கிடைக்குமா என்ற ஏக்கத்தோடு வந்தவர்கள், அதனால் மனம் விட்டுப் பேசுவார்கள். தேங்காய் நாரை அழுத்திப் பலகையாக்கி ஸ்டூல் செய்திருந்த ஒருவர், முதலில் உடைந்துபோன துண்டுகளையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். எவ்வளவு பசை, எவ்வளவு சூடு, எந்த இடத்தில் விரிசல் விட்டது என்று ஒவ்வொரு துண்டாக எடுத்துக் காட்டினார். என் ப்ராஜெக்டுக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடைத்திருக்காது.

பொதுமக்களுக்குக் கண்காட்சி சனி, ஞாயிறுகளில்தான் வழக்கமாகத் திறக்கும். மற்ற நாட்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு. மாணவர்களுக்கான டிக்கெட் விதி தனியாக இருக்கும், முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் மிலானில் அறை வாடகை கண்டபடி ஏறும். ரயில் தடத்தில் உள்ள பக்கத்து ஊர்களில் தங்கினால் சமாளிக்கலாம். ஷோரூமில் கொடுக்கும் கனமான கேட்லாக்குகளை வாங்கிச் சுமக்காதீர்கள், இணையத்திலேயே கிடைக்கும். துணி, மர வெனீர் மாதிரித் துண்டுகள் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொண்டு, எந்த ஷோரூம், எந்தச் சாமான், யார் விளக்கினார்கள் என்று அங்கேயே பின்னால் எழுதிவிடுங்கள். மாலைக்குள் எல்லாப் பழுப்புத் துணியும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும்.

விளக்கு அண்ணாவிடம் ஒரு கேள்வி: அடுத்த யூரோலூச்சேவுக்குப் போனால் விளக்கு ஹால்களுக்கு ஒரு நாள் போதுமா, அல்லது மோன்ஃபோர்தேக்கு இரண்டு மாலை ஒதுக்க வேண்டுமா?