இன நல்லிணக்க நாள் நிகழ்ச்சிக்கு கொயர்ல பாட நாட்டுப்புறப் பாட்டு தேடுறேன், எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

ஆல்டோ_அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். சிங்கப்பூர்ல எங்க வட்டார சமூக மன்றத்துல ஒரு கொயர் நடத்திக்கிட்டு இருக்கேன். பாதிக்கு மேல அறுபது வயசு தாண்டினவங்க, சீன ஆன்ட்டிங்கதான் அதிகம், மலாய்க்காரங்க கொஞ்சம் பேர், தமிழ் ஆளுங்க இன்னும் கொஞ்சம், பேஸ், அதாவது அடிக்குரல் பாட ஆண்கள் எப்பவுமே பத்தாது. ஸ்கோர், அதாவது இசைக் குறிப்பு படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, பெரும்பாலும் காதால கேட்டுத்தான் கத்துக்குவாங்க, ஆனா ஒரு தடவை மனசுல ஏறிடுச்சுன்னா அப்புறம் விடவே மாட்டாங்க.

ஜூலை 21 இன நல்லிணக்க நாளை ஒட்டி ஒரு இருபது நிமிஷம் குடுத்திருக்காங்க. மலாய்ல ஒண்ணு, சீனத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு, வெளிநாட்டுப் பாட்டு ஒண்ணுன்னு கேக்குறாங்க. வழக்கமா இந்த மாதிரி நிகழ்ச்சின்னா ராசா சாயாங், மோ லி ஹுவா, முன்னேறு வாலிபா, கடைசில கும்பாயா, இப்படித்தான் போகும். நாலும் நல்ல பாட்டுதான், ஆனா ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒட்டே இருக்காது, நாலு இனத்துக்கும் வரிசையா ஆஜர் போட்ட மாதிரி இருக்கும். முன்னேறு வாலிபா எனக்கு உயிரு, ஆனா அது எஸ். ஜேசுதாசன் அறுபதுகள்ல போட்ட தேசியப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டுக் கணக்குல வராது.

எனக்கு மூணு விஷயத்துல உதவி வேணும். பாட்டை எதை வச்சுத் தேர்ந்தெடுக்கிறது, தமிழ் நாட்டுப்புறப் பாட்டுக்கு நாலு குரல் ஹார்மனி போட்டா அதோட மணம் போயிடாதா, அப்புறம் சாமி பேர் வர்ற பாட்டை இந்த மாதிரி கலந்த கூட்டத்துல பாடலாமா வேணாமா. அனுபவம் இருக்கவங்க கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க, படிக்க நேரம் இருக்கு.

ஆத்தோரம்:

அக்கா, இனத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சா எப்பவும் அந்த நாலு பாட்டுலதான் போய் நிக்கும். அந்தப் பாட்டை ஜனங்க என்ன வேலை செய்யறப்ப பாடுனாங்கன்னு பாத்துத் தேர்ந்தெடுங்க. தாலாட்டுன்னா எல்லா மொழியிலயும் தாலாட்டு, அறுவடைன்னா எல்லாத்துலயும் அறுவடை. அப்ப மொழி மாறும், ஆனா கேக்கறவங்களுக்கு ஒரே கதை ஓடிக்கிட்டே இருக்கும்.

உங்க ஊருக்குன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு படகுப் பாட்டுன்னு சொல்லுவேன். சிங்கப்பூர் ஆத்துல ஆரம்ப காலத்துல சரக்குத் தோணி ஓட்டுனதுல தென்னிந்தியாவுல இருந்து போன சூலியாக்கள் கைதான் ஓங்கி இருந்துச்சு, பின்னாடிதான் ஹொக்கியன், தியோச்சு சீனர்கள் கைக்கு அந்தத் தொழில் மாறுச்சு. 1983ல அந்தப் படகுங்களையெல்லாம் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாத்துற வரைக்கும் அந்த ஆறு முழுக்க வேலை நடந்த இடம். உங்க ஆன்ட்டிங்கள்ல பாதிப் பேருக்கு அது கண்ணால பாத்த காட்சியா இருக்கும், கேட்டுப் பாருங்க.

மலாய்ல தாயுங் சம்பான் இருக்கு, துடுப்புப் போடுற பாட்டு. இதுல ஒரு வசதி இருக்கு. 1979ல தைவான் பாடகி தெரசா தெங் பாடுன தியான் மி மிங்கிற சீனப் பாட்டு இருக்குல்ல, அந்த மெட்டு இதுல இருந்து வந்ததுதான். உங்க சீன ஆன்ட்டிங்க மெட்டைக் கேட்ட உடனே கூடவே முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவாங்க. மலாய்க்காரங்க மலாய் வரியை ஆரம்பிச்சு சீன ஆளுங்க சீன வரியை வாங்கிப் பாடி, கடைசியில எல்லாரும் மலாய்லயே முடிச்சா, இரண்டு மொழிக்கும் தனித்தனிப் பாட்டு தேட வேண்டிய அவசியமே இல்ல. ஆனா ஒண்ணு, மெட்டுதான் நாட்டுப்புறம், சீன வரிகள் சுவாங் நூ எழுதினது, அதுக்கு உரிமை இருக்கு. பாட்டு உரிமையைப் பாத்துக்கிற காம்பஸ் அமைப்புல கேட்டு அனுமதி விஷயத்தை முதல்லயே தீத்துக்கோங்க.

தமிழ்ல ஏலேலோ ஐலசா இருக்கவே இருக்கு. வெளிநாட்டுப் பாட்டுக்கு கும்பாயாவை விட்டுட்டு ஷோஷோலோசா எடுங்க. அப்ப ரொடீசியான்னு இருந்த இன்னைய ஜிம்பாப்வேல இருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்கு ரயில்ல வேலைக்குப் போன தொழிலாளிங்க பாட்டு அது, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க வாங்கிப் பாடுறது. ராபன் தீவுச் சிறையில கல்லு உடைக்கறப்ப கைதிங்க பாடுனதை மண்டேலாவே எழுதியிருக்கார். படகு இல்லதான், ஆனா பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன ஆளுங்க பாட்டு. உங்க மேடையில நிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுலயும் அப்படி ஒரு பாட்டனோ பாட்டியோ இருந்திருப்பாங்க.

ஈப்போ_பையன்:

ஆத்தோரம் சொல்றது நல்ல யோசனை, ஆனா எனக்கு ஒரு மாத்துக் கருத்து இருக்கு. கூட்டத்துல உக்காந்திருக்க ஒரு மலாய்ப் பாட்டிக்கு தன்னோட மொழியில முழுசா ஒரு பாட்டு கேக்கணும்னு ஆசை இருக்கும், பாதிப் பாட்டுல அடுத்த மொழிக்கு மாறிட்டா அவங்களுக்கு ஒரு ஏமாற்றம் வரும். நான் இதை எங்க ஊர் நிகழ்ச்சிகள்லயே பாத்திருக்கேன். அதனால மலாய்ல தாயுங் சம்பானுக்கு முன்னாடி ரெண்டு பந்துனாவது வச்சு அந்தப் பாட்டுக்குன்னு ஒரு இடம் குடுங்க. பந்துன் நாலு வரி, முதல் ரெண்டு வரி ஏதோ காயையோ மலையையோ பத்திப் பேசும், அடுத்த ரெண்டு வரியிலதான் விஷயம் வரும், ஒண்ணுக்கும் மூணுக்கும் எதுகை சேரும், ரெண்டுக்கும் நாலுக்கும் சேரும். ராசா சாயாங்ல வேலிக்கு வெளிய இருக்க செம்பெடாக் பழத்தைப் பத்தி ஒரு பந்துன் வரும், ‘நான் இப்பத்தான் கத்துக்கிற பிள்ளை, தப்பா இருந்தா சொல்லிக் குடுங்க’ன்னு முடியும். வேற இனத்து ஆளு ஒருத்தர் முன்னாடி வந்து அதை மட்டும் மலாய்ல பாடுனா கூட்டம் உருகிடும், எழுதி வச்சுக்கோங்க.

தமிழுக்கு இன்னொண்ணு. தோட்டப் பாட்டை யாரும் மறந்துடாதீங்க. எங்க அப்பாயி பால்மரம் சீவுனவங்க, விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்கற இடத்துக்கு) ஓடுறது, மரத்துல கட்டுன மங்குல (கிண்ணத்துல) பால் நிரம்பறது, கங்காணி ஏச்சு, கப்பல் ஏறி வந்த வருத்தம் எல்லாத்தையும் வச்சு அவங்க பாடுவாங்க. சிங்கப்பூர், மலேசியா மண்ணுல பொறந்த தமிழ் நாட்டுப்புறப் பாட்டு அதுதான். இனத்தோட பாட்டு வேணும்னு கேக்கறவங்களுக்கு தமிழ்நாட்டுல இருந்து இறக்குமதி பண்ணிக் காட்டுறதை விட இந்த மண்ணுல விளைஞ்சதைக் காட்டுறது எவ்வளவோ மேல். உங்க கொயர்ல இருக்க தமிழ்ப் பெரியவங்களையே கேளுங்க அக்கா, யார் வீட்டுலயாவது ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ மிச்சம் இருக்கும். ஒப்பாரி மேடைக்கு வேணாம், தாலாட்டை எடுங்க.

சேர்ந்திசை_ரசிகன்:

சென்னையில இருந்து எழுதறேன் மேடம். ஹார்மனி பத்திக் கேட்டீங்களே, அதுக்கு எம்.பி. சீனிவாசன் போட்ட பாதை இருக்கு. மெட்ராஸ் யூத் கொயர் ஆரம்பிச்சவர், 1988ல காலமானார். பல இந்திய மொழிப் பாட்டுங்களை, நாட்டுப்புறப் பாட்டுங்க உட்பட, அந்தந்த மொழியிலயே பெரிய குழுவுக்குச் சொல்லிக் குடுத்து மேடை ஏத்தினார். சேர்ந்திசைன்னு இப்ப நாம சாதாரணமா சொல்றதுக்குப் பின்னாடி அவரோட உழைப்பு நிறைய இருக்கு. அந்தப் பதிவுகளைத் தேடிக் கேளுங்க, மெட்டு எங்கயும் மூழ்காது, மத்த குரல்கள் அதைச் சுத்தி வரும்.

நடைமுறையில நான் சொல்லுவேன், தமிழ் நாட்டுப்புறப் பாட்டுல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கார்ட், அதாவது பல சுரம் சேர்ந்த ஒலி, போடவே போடாதீங்க. சர்ச் கீதம் மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலா பேஸ்ல இருக்க கொஞ்சம் பேரையும் ஆல்டோல (தாழ்ந்த பெண் குரல்ல) சிலரையும் சட்ஜமும் பஞ்சமமும், அதாவது ‘ச’வும் ‘ப’வும், தம்பூரா மாதிரி பிடிச்சு நிக்கச் சொல்லுங்க. உங்களுக்கு ஆண் குரல் கம்மின்னு சொன்னீங்க, அதுக்கும் இது வசதி, ரெண்டு சுரம்தான், வயசானவங்களும் அலுக்காம நிப்பாங்க. மேல ஒரே ஒரு குரல் எடுத்துக் குடுக்கட்டும், சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) மொத்தமும் ‘ஐலசா’ன்னு வாங்கட்டும். டெனாருக்கு (உயர்ந்த ஆண் குரலுக்கு) தாளம் குடுங்க, தகிட தகிடன்னு வாயாலயே. ஏலேலோ மாதிரி வேலைப் பாட்டுல எடுத்துக் குடுக்கறதும் வாங்கறதும்தான் உயிர், அதை நாலு குரல்ல பிரிச்சாலே ஹார்மனி பாதி வந்துடும். அழைப்புக்கும் பதிலுக்கும் நடுவுல இடைவெளி விடாதீங்க, பதில் முடியறதுக்குள்ள அடுத்த அழைப்பு ஏறணும், கயிறு இழுக்கறவன் கையை விட்டா மீன் போச்சு.

தாளத்துல ஒரு எச்சரிக்கை. நம்ம தெம்மாங்கு, கும்மி எல்லாம் நிறைய திஸ்ர நடையில, ஒவ்வொரு அடிக்குள்ளயும் மூணு மூணா, ஓடும். மேற்கத்திய முறையில பழகுன ஆளுங்க அந்த மூணையும் தனித்தனி அடியா வால்ட்ஸ் நடனம் மாதிரி எண்ண ஆரம்பிச்சுடுவாங்க, பாட்டு உடனே தளர்ந்து போயிடும். கை தட்டிக் காட்டுங்க, கால்ல நடக்கச் சொல்லுங்க, ஸ்கோரை அப்புறம் குடுக்கலாம்.

குரலும் முக்கியம். கொயர்ல பழகுன அந்த உருண்டையான தலைக்குரல் இதுக்கு ஆகவே ஆகாது, நெஞ்சுல இருந்து திறந்து பாடணும். எடுத்துக் குடுக்கற ஆளா ஸ்கோர் படிக்கத் தெரிஞ்சவரைப் போடாம, வீட்டுல பாடிப் பழகுன ஒரு தமிழ் அம்மாவைப் போடுங்க, அவங்க சுருதிக்கு மத்தவங்க வரட்டும்.

வரி தேடறவங்களுக்கு: பெர்சி மக்வீன் சேகரிச்சதை வச்சு கி.வா. ஜகந்நாதன் பதிப்பிச்ச ‘மலையருவி’, நா. வானமாமலையோட ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ ரெண்டும் பொக்கிஷம். ஆனா வரிகளை வச்சுக்கிட்டு மெட்டைப் பிடிக்க முடியாது, விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கொல்லங்குடி கருப்பாயி மாதிரி ஆளுங்களோட குரலைக் கேட்டுத்தான் அந்த இழுவை, அந்தக் குலுக்கல் எப்படி வருதுன்னு புரியும்.

தெம்பனிஸ்_வாசகி:

சீனம், சாமி ரெண்டுக்கும் நான் சொல்றேன் அக்கா. நானும் இங்க ஒரு கொயர்ல பாடறேன்.

பாடறப்ப மாண்டரின் தொனிகளைப் பத்திப் பயப்பட வேணாம், மெட்டு வந்ததும் தொனி மெட்டுக்குள்ள அடங்கிடும், சீனக்காரங்களும் அப்படித்தான் பாடறாங்க. சொதப்புறது கடைசில வர்ற ‘ன்’னும் ‘ங்’கும்தான், நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்க. உதட்டைக் குவிச்சு ‘இ’ சொல்ற மாதிரி ஒரு சத்தம் இருக்கு, அதையும் உங்க சீன ஆன்ட்டிங்களையே விட்டுச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. மலாய்ல சொல்லு கடைசில வர்ற ‘ஆ’வை பேச்சுல மழுப்புவாங்க, பாட்டுல திறந்து ‘ஆ’ன்னே பாடறதுதான் வழக்கம். அதே மாதிரி நீங்க தமிழ்ல குறில் நெடில்ல விட்டுக் குடுக்காதீங்க. ழகரம் வராட்டியும் பரவாயில்ல, கால் கல்லு ஆயிடக் கூடாது. ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழிக்காரர் ஒருத்தர் வாத்தியார், கண்டக்ட் பண்றவங்க அந்த நேரம் மாணவி. எங்க குழுவுல இப்படித்தான், பயிற்சியோட அந்தப் பகுதிக்குத்தான் எல்லாரும் சீக்கிரமா வருவாங்க.

மோ லி ஹுவாவை ஒதுக்கிட வேணாம். அது அஞ்சு சுரத்துக்குள்ள அடங்குற மெட்டு, நம்ம மோகன ராகத்துல வர்ற அதே அஞ்சு. அரைச் சுர உரசல் இல்லாததால ரெண்டு குழுவா பிரிச்சு ஒண்ணு பின்னால ஒண்ணா பாடுனாலும் காதுல முட்டாது, ஸ்கோர் படிக்கத் தெரியாத குழுவுக்கு இதை விட சுலபமா ரெண்டு குரல் பழக்க முடியாது. இத்தாலிய இசையமைப்பாளர் பூச்சீனி தன்னோட துராந்தோத் ஓபராவுல எடுத்துக்கிட்ட மெட்டும் இதேதான்.

சாமி விஷயம். பக்திப் பாட்டு தப்பே இல்ல, ஆனா பாடறவங்க யாருக்கும் மனசு உறுத்தக் கூடாது. எங்க குழுவுல சியாஹம்பாங்கிற தென்னாப்பிரிக்கப் பாட்டை எடுத்தப்ப, ‘இறைவன் ஒளியில நடக்கறோம்’னு பொருள்னு முன்கூட்டியே சொல்லி, வேணாம்னா அந்தப் பாட்டுக்கு மட்டும் ஒதுங்கிக்கலாம்னு சொன்னாங்க, ரெண்டு பேர் ஒதுங்கி தாளம் போட்டாங்க, யாருக்கும் வருத்தம் இல்ல. கும்பாயாவும் பிரார்த்தனைதான். சிரிப்புக்குரிய கேம்ப்ஃபயர் பாட்டா ஆக்கிட்டாங்க, ஆனா 1926ல ஜார்ஜியா மாநிலக் கடற்கரைப் பக்கம் பதிவான பழைய ஒலிப்பதிவு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல இருக்கு, அடிமைகளா கொண்டு வரப்பட்டவங்களோட வழித்தோன்றல்கள் ‘ஆண்டவரே இங்க வாங்க’ன்னு கூப்பிடுற பாட்டு. பாடுறதா இருந்தா அந்த வலி தெரிஞ்சு மெதுவா பாடுங்க, இல்லன்னா எடுக்காதீங்க.

ஆல்டோ_அக்கா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, பிரிண்ட் எடுத்து வச்சுக்கிட்டேன். படகையும் பிழைப்பையும் வச்சு முடிவு பண்ணிட்டேன். பந்துன் ரெண்டு, அப்படியே தாயுங் சம்பான், மோ லி ஹுவா ரெண்டு குழுவா, அப்புறம் தோட்டத் தாலாட்டு ஒண்ணு கிடைச்சா அது, ஏலேலோ, கடைசில ஷோஷோலோசா. சீன வரி அனுமதி வராட்டி தாயுங் சம்பானை முழுக்க மலாய்லயே பாடிடுவோம், மோ லி ஹுவா இருக்கே. ஈப்போ தம்பி சொன்ன செம்பெடாக் பந்துனை எங்க பிலிப்பினோ டெனார்தான் பாடப் போறார், கேட்ட உடனே ஒத்துக்கிட்டார்.

இன்னும் ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏலேலோல இருந்து ஷோஷோலோசாவுக்கு நிறுத்தாம போகலாம்னு ஆசை, ரெண்டும் எடுத்துக் குடுத்து வாங்கறதுதானே, ஆனா சுருதி எங்க வைக்கிறதுன்னு தெரியல.

சேர்ந்திசை_ரசிகன்:

போகலாம் மேடம், தாராளமா. எடுத்துக் குடுக்கற தமிழ் அம்மாவுக்கு வசதியான சட்ஜத்தை முதல்ல பிடிங்க, பெரும்பாலும் ஏ-க்கோ பி ஃப்ளாட்டுக்கோ பக்கத்துல வரும். அதே சட்ஜம்தான் ஷோஷோலோசாவுக்கும் ஆதாரம், ஸ்கோர்ல வேற ஸ்கேல் போட்டிருந்தா இறக்கிக்கோங்க. தம்பூரா மாதிரி பிடிச்சு நிக்கிறவங்க ஏலேலோ முடிஞ்சும் விடக் கூடாது. ஐலசா மெல்ல மெல்லக் குறையறப்ப கால் தட்டு மட்டும் நிக்கட்டும், திஸ்ரத்துல இருந்து அப்படியே நாலுக்கு மாறட்டும், அடி அதே வேகம். அந்தத் தட்டு மேல ஆண்கள் முதல் வரியை ஆரம்பிக்கட்டும். ஆண்கள் பத்தலன்னா ஆல்டோவுல கனமான குரல் இருக்கவங்களைக் கூட நிறுத்துங்க. அந்த மாறுற இடத்தை மட்டும் தனியா எடுத்து ஒவ்வொரு பயிற்சியிலயும் பழக்கிடுங்க.