பிரிட்டிஷ் குடியுரிமை விண்ணப்பமும் டிசம்பர் பயணமும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இந்திய பாஸ்போர்ட், ஐ.எல்.ஆர். (பிரிட்டனில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) கிடைத்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. செப்டம்பரில் ஏஎன் படிவம் (குடியுரிமை விண்ணப்பம்) போட்டு, டிசம்பரில் மூன்று வாரம் சென்னை போகத் திட்டம்.

நாள் கணக்கு சரியாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் 450, கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்குள்தான் வெளிநாட்டில். கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் இதில் சேராது. விண்ணப்பம் போய்ச் சேரும் தேதிக்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பாஸ்போர்ட்டில் உள்ள சென்னை விமான நிலைய முத்திரைகளோடு அதையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. கைரேகை கொடுத்த பிறகு பயணம் போகத் தடையில்லை.

கவலையெல்லாம், பிரிட்டிஷ் குடியுரிமை கைக்கு வரும் உறுதிமொழி விழாவைப் பற்றித்தான். அழைப்பு வந்து மூன்று மாதத்துக்குள் அதை முடிக்க வேண்டும். பயணத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும், பழைய பாஸ்போர்ட்டில் பறக்கக் கூடாது. புது பாஸ்போர்ட், அதற்குமேல் இந்திய விசா என்று இழுத்தால் டிக்கெட் வீண்.

விழாவை நடத்தும் உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டு ஜனவரித் தேதி வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? லண்டன் பக்கம் விழாவுக்கு இடம் கிடைக்க எத்தனை வாரம் ஆகிறது? இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் கைக்கு வர எவ்வளவு நாள்? உங்கள் தேதிகளோடு எழுதினால் டிக்கெட் போடும் முன் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.