ஒரே சிலந்தியின் இரண்டு நச்சுகளைவிட வேறு சிலந்தியின் நச்சு நெருக்கமாக இருப்பது ஏன்?

யெலஹங்கா மாணவி:
பெங்களூரில் உயிர்வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்திகளின் நச்சுப் புரதங்களை யூனிப்ராட் தரவுத்தளத்திலிருந்து எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சிட்னியைச் சுற்றி வாழும் ஏட்ராக்ஸ் ரொபஸ்டஸ் தரும் ரொபஸ்டாக்சினும், நீலமலைப் பகுதியில் (நம் நீலகிரி அன்று, சிட்னிக்கு மேற்கே இருப்பது) வாழும் ஹாட்ரோனிக்கி வெர்சூட்டா தரும் வெர்சுடாக்சினும் தலா 42 அமினோ அமிலங்கள் கொண்டவை. பேரினமே வேறாக இருந்தும் அவை 8 இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. ஆனால் அதே வெர்சூட்டாவின் நஞ்சில் இருக்கும் ஒமேகா-ஹெக்சாடாக்சின்-எச்வி1ஏ என்னும் 37 அமினோ அமில நச்சை வெர்சுடாக்சினுக்குப் பக்கத்தில் வைத்தால், சிஸ்டீன்களை (கந்தகம் கொண்ட ஒரு வகை அமினோ அமிலம்) தவிர ஒத்துப்போவது மிகச் சொற்பம். ஒரே சுரப்பியில் ஊறுபவை அல்லவா நெருங்கிய உறவாக இருக்க வேண்டும்? என் ஒப்பீட்டில் எங்கேனும் பிழை இருக்கிறதா?

மல்லேஸ்வரம் வாசகர்:
பிழை இல்லை அம்மா. உறவை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதுதான் இதில் குழப்புகிறது.

கும்பகோணத்துப் பாட்டி ஒருவர் சாம்பார்ப் பொடிக்கும் ரசப்பொடிக்கும் தனித்தனிப் பக்குவம் வைத்திருந்தார் என்று கொள்ளுங்கள். ஒரு மகள் மல்லேஸ்வரத்துக்கும் மற்றொரு மகள் மும்பை மாட்டுங்காவுக்கும் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் மல்லேஸ்வரத்துச் சாம்பார்ப் பொடி மாட்டுங்காவின் சாம்பார்ப் பொடியைத்தான் ஒத்திருக்குமே தவிர, அதே அலமாரியில் பக்கத்து டப்பாவில் இருக்கும் ரசப்பொடியை ஒத்திருக்காது. பொடிகள் பிரிந்தது முன்னால், மகள்கள் பிரிந்தது பின்னால்.

சிலந்தியிலும் நடந்தது இதுவே. ஒரு மரபணு நகலாகி இரண்டாகிறது; ஒரு நகல் பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று மெல்ல வேறு வேலைக்குத் திரும்புகிறது. ஏட்ராக்ஸும் ஹாட்ரோனிக்கியும் பிரிவதற்கு முன்பே இது நடந்துவிட்டதால், பிரிந்தபோது இரண்டு பேரினங்களும் இரண்டு நகல்களையும் கையோடு எடுத்துச் சென்றன. ஹாட்ரோனிக்கி இன்ஃபென்சா என்னும் மற்றொரு புனல்வலைச் சிலந்தியைப் பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வு, அதன் நஞ்சில் 33 பெருங்குடும்பங்களைச் சேர்ந்த புரதங்களைக் கண்டு, அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பழைய முடிச்சுப் புரத (சிஸ்டீன் பிணைப்புகளால் முடிச்சிட்டு நிற்கும் சிறு புரதம்) மரபணு திரும்பத் திரும்ப நகலானதால் பிறந்தவை என்று காட்டியது.

வேலையைப் பார்த்தாலும் இந்தப் பிரிவினை தெரியும். வெர்சுடாக்சின், நரம்பின் சவ்வில் சோடியத்தை உள்ளே விடும் வாயிலான சோடியம் கால்வாய் மூடுவதைத் தாமதப்படுத்துவதால், நரம்பு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒமேகா நச்சோ பூச்சிகளின் கால்சியம் கால்வாயை அடைக்கிறது. வேறு பூட்டு, வேறு சாவி.

ஜாலஹள்ளிக்காரர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒப்பீட்டு முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். நானே தொடக்கத்தில் இவற்றில் தடுக்கி விழுந்தவன்.

முதலாவது, தரவுத்தளத்திலிருந்து முழு முன்னோடிப் புரதத்தையும் எடுத்தீர்களா, வெட்டி முடிந்த முதிர்ந்த நச்சை மட்டும் எடுத்தீர்களா? முன்னால் இருக்கும் சமிக்ஞைப் பகுதி, புரதத்தைச் சுரப்புப் பாதைக்குள் அனுப்பியதும் வெட்டி எறியப்படுவது. அது அதிகம் மாறுவதில்லை. மாற்றங்கள் குவிவதெல்லாம் முதிர்ந்த பகுதியில்தான். முழு நீளத்தையும் ஒப்பிட்டால் ஒற்றுமை விழுக்காடு வீணாக வீங்கும்.

இரண்டாவது, சிஸ்டீன்கள் தரும் இலவச மதிப்பெண். டாரன்டுலா சிலந்தியின் ஹனடாக்சின் என்னும் நச்சு 35 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் 6 சிஸ்டீன்கள். அந்த ஆறும் மூன்று டைசல்பைடு பிணைப்புகளாக (இரண்டு சிஸ்டீன்களின் கந்தகங்கள் இணைவது) முடிச்சிட்டு வடிவத்தைத் தாங்கி நிற்பதால் எளிதில் மாறாமல் இருக்கின்றன. ஆகவே சிஸ்டீன்கள் மட்டும் பொருந்தினாலே 17 விழுக்காடு வந்துவிடும். இதே முடிச்சு தேள், கூம்புச் சங்கு, செடிகள் ஆகியவற்றிலும் இருக்கிறது. அதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. சிஸ்டீன்களுக்கு இடையே உள்ள வளையங்களில் எத்தனை இடங்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுங்கள்.

பெயரைப் பற்றியும் ஒன்று. ஹெக்சாடாக்சின் என்பதில் உள்ள ஹெக்சா, ஆறு என்ற எண்ணைக் குறிப்பதன்று. அச்சிலந்திகள் அப்போது சேர்க்கப்பட்டிருந்த ஹெக்சாதெலிடே குடும்பத்தின் பெயர். 2018இல் அவை ஏட்ராசிடே என்னும் தனிக் குடும்பமாகிவிட்டன. குடித்தனம் மாறியும் குடும்ப அட்டையில் பழைய முகவரி நிற்பது போல, நச்சின் பெயர் அப்படியே நிற்கிறது.

இந்திராநகர் மருத்துவர்:
இந்த ஒற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. 1981இல் பயன்பாட்டுக்கு வந்த புனல்வலை நச்சுமுறி, ஏட்ராக்ஸ் ரொபஸ்டஸ் ஆண் சிலந்தியின் நஞ்சைக் கொண்டு முயல்களில் உருவாக்கப்பட்டது. அது ஹாட்ரோனிக்கி கடிக்கும் கைகொடுக்கிறது. அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் புனல்வலைக் கடியால் உறுதிசெய்யப்பட்ட மரணம் இல்லை. அந்த 8 வேறுபாடுகள் நச்சுமுறியில் நச்சைப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின் பிடியைத் தளர்த்தவில்லை என்பதே இதன் பொருள்.

ஆனால் ஒரே குடும்ப நச்சு இருப்பதும் ஒரே அளவு ஆபத்து இருப்பதும் ஒன்றல்ல. கருப்பு விதவைச் சிலந்தியின் ஆல்ஃபா-லேட்ரோடாக்சின் உலகறிந்தது. அச்சிலந்தியின் உறவான ஸ்டியாட்டோடா நோபிலிஸ் என்னும் சிலந்தியின் நச்சுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கருப்பு விதவையின் நச்சுகளை ஒத்திருப்பதாக அயர்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த சாதாரண வீட்டுச் சிலந்தியான பாரஸ்டியாட்டோடாவின் மரபணுத் தொகுதியிலும் லேட்ரோடாக்சின் மரபணுக்கள் உண்டு; ஆனாலும் அதன் கடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. கருப்பு விதவையின் சுரப்பியில் ஆல்ஃபா-லேட்ரோடாக்சின் மிகுந்த அளவில் உற்பத்தியாவது ஒரு முக்கியக் காரணம். எனவே அமினோ அமில வரிசையோடு, நச்சு உற்பத்தியாகும் அளவையும் பாருங்கள்.

இடையில் ஒன்று: இந்திய மருத்துவமனைகளில் உள்ள பல்நஞ்சு முறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கானது. சிலந்திக் கடிக்கு அதைப் போடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பயன் இல்லை.

யெலஹங்கா மாணவி:
மூவருக்கும் நன்றி. ஜாலஹள்ளி ஐயா ஐயப்பட்டது போலவே, ஒமேகா நச்சுக்கு முன்னோடிப் புரதம் முழுவதையும்தான் எடுத்திருந்தேன்; வெட்டிவிட்டு மறுபடி ஒப்பிட்டேன். ரொபஸ்டாக்சின், வெர்சுடாக்சின் இரண்டிலும் 8 சிஸ்டீன்கள் நான்கு பிணைப்புகளாக அதே இடங்களில் நிற்கின்றன. வேறுபடும் 8 இடங்களில் ஒன்றும் சிஸ்டீன் அல்ல. சிஸ்டீன்களை நீக்கி எண்ணினாலும் 34இல் 26 ஒத்துப்போகின்றன. அடுத்து வீட்டுச் சிலந்தியின் லேட்ரோடாக்சின்களை எடுக்கப் போகிறேன். மருத்துவர் ஐயா, அளவை ஒப்பிட எந்தத் திசுவின் ஆர்.என்.ஏ. தரவை (எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதைக் காட்டுவது) எடுப்பது சரி: நஞ்சுச் சுரப்பியையா, முழு உடலையா?

இந்திராநகர் மருத்துவர்:
நஞ்சுச் சுரப்பியை. முழு உடல் தரவை எடுத்தால் தசையும் குடலும் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். நஞ்சைக் கறந்து எத்தனை நாள் கழித்துச் சுரப்பியை எடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். கறந்ததும் சுரப்பி மீண்டும் நிரப்பும் வேலையில் இறங்குவதால், நாளுக்கு நாள் அளவு மாறும்.