மறு: விண்வெளி நிலையத்தில் மிதப்பதற்குச் சிறுவர் சொல் – 'விழுநிலை'

> 'நுண்ணீர்ப்பு' ஏற்கெனவே புழங்குகிறதே, ஐயா. இன்னொன்று எதற்கு?

வணக்கம்.

ஆய்வுக் கட்டுரையில் 'நுண்ணீர்ப்பு' (microgravity, அதாவது மிக நுண்ணிய ஈர்ப்பு) இருந்துவிட்டுப் போகட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் சொன்னால், மேலே ஈர்ப்பு துளியளவுதான் என்று எடுத்துக்கொள்ளும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு. அவ்வளவு உயரத்துக்குக் கோபுரம் எழுப்பி உச்சியில் எடை பார்த்தால், இங்கே 50 கிலோ காட்டும் ஆள் அங்கே 45 கிலோ காட்டுவார், மிதக்க மாட்டார். 'ஈர்ப்பின்மை' இன்னும் மோசம். ஈர்ப்பே இல்லாவிட்டால் நிலையம் நேர்க்கோட்டில் போய்விடும், பூமியைச் சுற்றாது.

'எடையின்மை' தவறில்லை. ஆனால் ஏன் எடை தெரியவில்லை என்று பிள்ளை கேட்டால் அந்தச் சொல்லில் விடை கிடையாது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் விடை. ஆகவே 'விழுநிலை'.

விழுகிறதென்றால் தரையில் மோத வேண்டாமா? இந்தக் கேள்வி வரத்தான் வேண்டும். உயர்ந்த மலையுச்சியில் பீரங்கியை வைத்துக் கிடைமட்டமாகச் சுடுவதாக நியூட்டன் கற்பனை செய்தார். குண்டு முதல் நொடியில் கிட்டத்தட்ட 5 மீட்டர் விழும். பூமி உருண்டையாக இருப்பதால், 8 கிலோமீட்டர் தள்ளித் தரையும் ஏறத்தாழ 5 மீட்டர் தாழ்ந்திருக்கும். காற்றின் தடை இல்லையென்றால், நொடிக்கு 8 கிலோமீட்டர் போகும் குண்டு விழுந்துகொண்டே இருக்கும், தரை எட்டாது. நிலா விழுவதும் இப்படித்தான். தொலைவு மிகுதி என்பதால் ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் விழும்.

வகுப்பில் காட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடிப்பக்கத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, நீர் நிரப்பி, மூடியைக் கழற்றிவிடுங்கள். கையில் பிடித்திருக்கும்வரை நீர் பீய்ச்சியடிக்கும். மாடியிலிருந்து பாட்டிலை விட்டுவிட்டால், விழும் அந்த ஒரு நொடி ஒழுக்கு நின்றுவிடும். நீரும் பாட்டிலும் ஒன்றாக விழுகின்றன. ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. பூமியின் இழுப்பு எங்கும் போய்விடவில்லை. (கீழே ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

'விழு' என்றால் 'சிறந்த' என்றும் பொருளுண்டே, 'விழுப்பொருள்' போல, என்று இலக்கண நண்பர் ஒருவர் தனிமடலில் மடக்கினார். உண்டுதான். 'விழுது' என்றதும் ஆலமரத்தை நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. 'வீழ்நிலை' எனலாம் என்றும் சொன்னார். அது நாடோ நிறுவனமோ சரிந்ததுபோல ஒலிக்கிறது.

'விழுநிலையில் நீர் உருண்டையாகத் திரளும்', 'விழுநிலைப் பயிற்சி விமானம்' என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. 'சுற்றுப்பாதை'யைத் தொட வேண்டாம், பாடநூலில் ஊன்றிவிட்டது. 'கட்டற்ற வீழ்ச்சி'யை (free fall) மேல்வகுப்பு இயற்பியலுக்கு விட்டுவிடலாமா, அங்கும் இதையே கொண்டுபோகலாமா என்பதை ஆசிரியர்கள் சொல்லுங்கள்.