சிறப்புப் பள்ளிக் கட்டணம்: கடன் வாங்கித்தான் கட்ட வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம் உள்ள எங்கள் ஏழு வயது மகன், இப்போது படிக்கும் பொதுப்பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே பெரும்பாலான நேரம் காதுகளைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். வகுப்புக்கு எட்டே பேர் உள்ள தனியார் சிறப்புப் பள்ளி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறோம். ஆனால் அதன் கட்டணம் எங்கள் வருமானத்தில் பாதியை விழுங்கிவிடும். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். இந்த வழியில் முன்பே போனவர்கள் என்ன செய்தீர்கள்?

பதில் 1:
அம்மா, கடனைப் பற்றி யோசிக்கும் முன் கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கள் மகளைச் சேர்த்த பள்ளி, ‘ஆண்டுக் கட்டணம்’ என்று ஒரே வரியில் ரசீது கொடுத்தது; கற்பித்தலுக்கு எவ்வளவு, பேச்சுப் பயிற்சிக்கு எவ்வளவு, உதவியாளருக்கு எவ்வளவு என்று அதில் தெரியாததால், பயிற்சிச் செலவுக்காக மருத்துவக் காப்பீட்டில் நாங்கள் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அதுமட்டுமன்று, வாரத்திற்கு மூன்று முறை என்று வாய்வார்த்தையாகச் சொன்ன பேச்சுப் பயிற்சி, நான் நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவந்த கணக்கின்படி, பல வாரங்களில் ஒருமுறைதான் நடந்தது. எழுத்தில் வாங்காதது என் தவறு. இடையில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

பதில் 2:
பெற்றோர்தான் கட்ட வேண்டும் என்ற இடத்திலிருந்து ஏன் தொடங்குகிறோம்? குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிச் செலவை யார் ஏற்பது என்பதுதான் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில், பொதுப்பள்ளி தகுந்த கல்வியைத் தரத் தவறியது நிரூபணமானால், பெற்றோர் கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், முன்கூட்டி எழுத்தில் அறிவிக்காமல் பிள்ளையை மாற்றியவர்களுக்கு அந்தத் தொகை குறைக்கப்படலாம், மறுக்கவும்படலாம். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. நீங்கள் எங்கிருந்தாலும், மகன் காதைப் பொத்திக்கொள்ளும் நாள்களைத் தேதியிட்டு எழுதி, இப்போதைய பள்ளியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மாற்றிய பிறகு எழுதும் கடிதத்திற்கு மதிப்புக் குறைவு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கட்டணத்தைப் பிரித்துத் தரும் வழக்கம் இல்லை என்று புதிய பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலையே எழுத்தில் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வரும்வரை முன்பணம் கட்டுவதாக இல்லை.