புகை விடுற இஞ்சினை எங்கே நின்னு பார்க்கலாம்?

குரூப்ல இருக்குற அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். நாங்க பெரம்பூர். போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரோட ஐசிஎஃப் (ரயில் பெட்டி செய்யுற தொழிற்சாலை) பக்கம் இருக்குற ரயில் மியூசியம் போனேன். கட்டிக்கிட்டுப் போன புளிசோறு ஞாபகமே இல்லாம, ஒவ்வொரு நீராவி இஞ்சின் சக்கரமா தடவிக்கிட்டு இருந்தாரு மனுஷன். விரல் பூரா தூசி. "எல்லாம் செத்த இஞ்சினு. உள்ள நெருப்பு எரியணும், மூச்சு விடணும்"னு வீடு வர்ற வரைக்கும் புலம்பல்.

1855-ல செஞ்ச ஈஐஆர் 21-ங்கிற பழைய நீராவி இஞ்சினை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்லதானே திரும்ப ஓட வச்சாங்க? (1856-ல ராயபுரத்துலேர்ந்து தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்புறதுக்கு முந்தியே பொறந்தது!) சுதந்திர தினம், குடியரசு தினத்துல எழும்பூர்லேர்ந்து கோடம்பாக்கம் வரை ஓட்டியிருக்காங்க. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க: டிக்கெட் எப்படி வாங்கினீங்க? கிடைக்கலைன்னா, பக்கத்துல நின்னு பார்க்க சேத்துப்பட்டு தோதா, நுங்கம்பாக்கமா? நிழல் இருக்குற பிளாட்பாரமா சொல்லுங்க, எனக்கு வெயில் ஆகாது.

அவருக்குத் தெரியாது. கல்யாண நாளுக்குன்னு வச்சிருக்கேன்.